பழைய மாணவர்கள் சேர்த்த பணம்: ஆண்டு விழா மேடைக்கா, மாலை நேரத்துக்கா?

வயல்வெளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறு முதல் பத்து வரை. நான் அங்கே படித்தவன். 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள் அல்லவா, அந்த வாசல் வழியாகக் குழுவுக்குள் வந்தேன்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் எங்கள் ஆண்டு மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் பேசி ஒரு தொகை சேர்த்துவிட்டார்கள். வகுப்பறை கட்டப் போதாது. பந்தல் போட்டால் மிஞ்சும், அவ்வளவுதான். பாடம் தவிர்த்த காரியங்களுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை.

பாதிப் பேர் ஆண்டு விழாவைப் பெரிதாக நடத்தலாம் என்கிறார்கள். மேடை, வண்ண விளக்கு, பெரிய திரை, தஞ்சாவூரிலிருந்து இசைக் குழு. மீதிப் பேர் ஒரு ராத்திரியில் கரைந்துபோகாத ஏதாவது செய்யுங்கள் என்கிறார்கள். அந்த "ஏதாவது" என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தலைமையாசிரியை இரண்டுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "பணத்தைக் கொடுங்கள் தம்பி. மாலை நாலரை மணிக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளோடு யார் நிற்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்."

எனக்குப் பதில் தெரியவில்லை. அரசுப் பள்ளி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

திண்ணைக்காரர் எழுதியது:

இரண்டும் வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்ல வினா விடைக் கையேடு வாங்கிக் கொடுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை எல்லாவற்றுக்கும் விரிந்தது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வாசல் திறந்திருக்கும் நேரத்தில் அவனைக் கரகம் ஆடச் சொல்வது என்ன நியாயம்? ஆட்டமும் பாட்டும் தனியார் பள்ளிகள் விளம்பரத்துக்குச் செய்கிற வேலை.

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

வயல்வெளி தம்பி, உங்கள் தலைமையாசிரியை கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தின் முடிச்சு. அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் இளம் செஞ்சிலுவைச் சங்கப் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், உயர்நிலைப் பள்ளியும் மேல்நிலைப் பள்ளியும் வேறு வேறு உலகம். வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) பதினொன்றாம் வகுப்பில்தான் தொடங்கும். பத்தோடு நிற்கும் பள்ளிக்கு அது கிடையாது. விலையில்லா சைக்கிளும் பதினொன்றில்தான் கையில் வரும். உங்கள் பள்ளியில் இருக்கக்கூடியவை இளம் செஞ்சிலுவை, சாரண சாரணியர், தேசிய பசுமைப் படை, பிறகு மன்றங்கள். இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சிறார் திரைப்படம் ஆகியவற்றை ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளுக்குப் பாட வேளைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். 2022இல் அறிவியல், கணக்குச் சோதனைகளுக்காக வானவில் மன்றம் வந்தது. 2024இல் மகிழ் முற்றம் என்ற பெயரில் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று அணிகளாகப் பிரித்தார்கள். ஆகவே காகிதத்தில் குறையே இல்லை. ஒரு பள்ளியில் இத்தனை மன்றங்கள் என்று பட்டியல் எழுதினால் கரும்பலகை போதாது.

அடுத்தது ஆண்டு விழா. மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து அதற்கென்று அரசே ஒரு தொகை தருகிறது. தொகை சிறிதுதான், ஆனால் ஒலிபெருக்கிக்கும் பரிசுக்கும் ஆகும். ஏற்கெனவே பணம் வரும் இடத்தில் உங்கள் பணத்தையும் ஏன் கொட்ட வேண்டும்? பணமே வராத இடம் ஒன்று இருக்கிறது. பள்ளி விட்ட பிறகு வரும் ஒன்றரை மணி நேரம். அதற்கு எந்தக் கணக்குத் தலைப்பிலும் காசு கிடையாது.

சில விவரங்கள் சொல்லுங்கள். உங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு? எத்தனை ஊர்ப் பிள்ளைகள் அதில் போகிறார்கள்? உடற்கல்வி ஆசிரியர் நிரந்தரமா, பகுதி நேரமா? பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு எந்த மாதத்தில் தொடங்குகிறது? இந்த நான்கும் தெரிந்தால் உங்கள் பள்ளியில் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று இங்கே உட்கார்ந்தே சொல்லிவிடலாம்.

---

நொய்யல்மகள் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொல்வது முழுக்க உண்மை. நான் திருப்பூர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என் மகள் ஒன்பதாம் வகுப்பு, அரசுப் பள்ளி.

சென்ற ஆண்டு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் கலைத் திருவிழாப் போட்டியில் அவள் வகுப்புப் பிள்ளைகள் வில்லுப்பாட்டுப் பாடினார்கள். பள்ளி அளவில் முதலிடம், வட்டார அளவில் முதலிடம், மாவட்டத்தில் நின்றுவிட்டது. அந்தச் சில வாரங்களில் என் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் செலவு எங்கே போகிறது என்று புரியும். வில்லும் குடமும் பக்கத்து ஊர்க் கோயில் குழுவிடம் கேட்டு வாங்கினார்கள், அதற்குக் காசு இல்லை. உடைக்கு வாடகை. மாவட்டப் போட்டிக்குப் போக வேன். இது இரண்டையும் தமிழாசிரியை தம் கைக்காசில் கொடுத்தார். நாங்கள் கொடுத்தபோது பாதியைத்தான் வாங்கிக்கொண்டார்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய தொல்லை சாயங்காலம். பயிற்சி ஆறு மணிக்கு முடியும். எனக்கு வேலை எட்டரைக்கு முடியும். அழைத்து வர ஆள் இல்லை. குழுவில் இருந்த ஏழு பிள்ளைகளில் இரண்டு பேர் வீட்டில் "வயதுக்கு வந்த பெண், இருட்டில் வரக் கூடாது" என்று நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருத்திதான் உடுக்கை அடித்தவள். நன்றாக அடிப்பாள். கடைசியில் பக்கத்துத் தெரு ஆட்டோக்கார அண்ணன் ஒருவர் பெட்ரோல் காசுக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் அவள் திரும்பி வந்தாள்.

இன்னொன்று: பசி. மதியம் சத்துணவு பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பிட்ட பிள்ளை மாலை ஐந்தரைக்கு எப்படிப் பாடும்? தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாடினார்கள்.

---

திண்ணைக்காரர் எழுதியது:

சகோதரி, உங்கள் மகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சில வாரங்களில் கணக்குப் பாடத்தில் எவ்வளவு பின்தங்கினாள் என்று பார்த்தீர்களா?

---

நொய்யல்மகள் எழுதியது:

பார்த்தேன் அண்ணா. முன்பும் அவள் கணக்கில் சுமார்தான், இப்போதும் சுமார்தான். மாறியது வேறொன்று. முன்பெல்லாம் பெற்றோர் கூட்டத்துக்கு நான் போனால் "ஏன் வந்தாய்" என்பது போல் பார்ப்பாள். இப்போது என் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஒவ்வொரு ஆசிரியரிடமும் "இது என் அம்மா" என்கிறாள்.

---

அரைநாள் ஓவியர் எழுதியது:

என் பெயரிலேயே என் நிலைமை இருக்கிறது. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பேரைப் பகுதி நேரமாக எடுத்தார்களே, அவர்களில் ஒருவன். வாரத்தில் மூன்று அரை நாள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய், 2024இல் 12,500 ஆனது. பல ஆண்டுகளாக மே மாதத்துக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. பலர் விலகிவிட்டார்கள், சிலர் இறந்தே போய்விட்டார்கள். இன்னும் பன்னிரண்டாயிரம் பேர் அளவில் இருக்கிறோம்.

இதை நான் புலம்பலாகச் சொல்லவில்லை. வயல்வெளி போன்ற நன்கொடையாளர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஓர் உயர்நிலைப் பள்ளியில் கலையும் விளையாட்டும் யாரை நம்பி நடக்கின்றன? பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களை. நான் திங்கள், புதன், வெள்ளி முற்பகல் மட்டும் பள்ளியில் இருப்பேன். பிற்பகலில் பிளெக்ஸ் போர்டு கடையில் வடிவமைப்பு வேலை. கலைத் திருவிழாவில் ஓவியம், களிமண் சிற்பம், நடனம், நாடகம், இசைக் கருவி என்று எத்தனையோ பிரிவுகள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கணினியில் ஏற்ற வேண்டும். பயிற்சியும் கொடுக்க வேண்டும். அரை நாளில் எது முடியும்? பெயர் ஏற்றுவதுதான் முடியும்.

அப்படியும் ஒரு களிமண் பையனைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எட்டாம் வகுப்பு. தமிழ் எழுத்தே தடுமாறுகிறவன். பனைமரத்தில் ஏறும் ஆளைக் களிமண்ணில் செய்தான். இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் மாட்டும் நார் வளையமான திளாப்பு, எல்லாம் சரியாக இருந்தன. அவன் அப்பா பனையேறி. நடுவர்கள் மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு பிள்ளையாருக்குப் போயிற்று. என்னைக் கேட்டால் நடுவர்களுக்குப் பனைமரம் தெரியாது.

---

கரிசல்காட்டான் எழுதியது:

யாரும் தொடாத ஒன்றை நான் தொடுகிறேன். எங்கள் பக்கம் தூத்துக்குடி, நெல்லை. பள்ளிக்கூடத்துச் சமூக வாழ்க்கை என்று பேசினால் கையில் கட்டும் கயிற்றைப் பற்றிப் பேசாமல் முடியாது. மஞ்சளும் சிவப்பும், பச்சையும் மஞ்சளும். நிறத்தைப் பார்த்தே எந்தத் தெரு என்று பத்து வயதுப் பையன் சொல்லிவிடுவான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி, சைக்கிளில் சாதி வண்ணம் எல்லாவற்றையும் தடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தடுப்பது சரி. கயிற்றை அறுத்துவிட்டு அந்தப் பையனை யாரோடு சேர்த்து உட்கார வைக்கப் போகிறோம்?

எனக்குத் தெரிந்த பள்ளி ஒன்றில் இரண்டு விஷயம் நடந்தன. ஒன்று சரியாக வந்தது, மற்றது வரவில்லை.

சரியாக வந்தது கபடி. குறுவட்டப் போட்டிக்கு 17 வயதுப் பிரிவில் அணி அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் எந்தத் தெரு பலமோ அந்தத் தெருவே அணி. புதிதாக வந்த உடற்கல்வி ஆசிரியர், பெரிய அறிவுரை எதுவும் சொல்லாமல், கோணத்துக்கு ஒருவன், சங்கிலிக்கு இருவர் என்று இடம் பார்த்து ஆள் எடுத்தார். சங்கிலி என்றால் இருவர் கையைக் கோத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். மேலத்தெருப் பையனும் கீழத்தெருப் பையனும் கை கோத்து நின்றார்கள், ஏனென்றால் நிற்காவிட்டால் ரெய்டர் தப்பிவிடுவான். மாவட்டம் வரை போனார்கள். இப்போதும் அவர்கள் ஒரே பைக்கில் சுற்றுவதைப் பார்க்கிறேன்.

வராதது பறை. கலைத் திருவிழாவுக்காகப் பறை கற்றுத்தர ஒருவரை அழைத்தார்கள். முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் ஆசையாக அடித்தார்கள். இரண்டாம் வாரம் ஒரு தெருப் பெற்றோர் கூட்டமாக வந்து "எங்கள் பிள்ளை அதைத் தொடக் கூடாது" என்றார்கள். பள்ளி நிர்வாகம் பயந்து, விருப்பம் உள்ளவர்கள் மட்டும் கற்கலாம் என்று அறிவித்தது. விளைவு என்ன? ஒரே தெருப் பிள்ளைகள் மட்டும் பறையோடு நின்றார்கள். அதற்கு அந்தப் பயிற்சியையே நிறுத்தியிருக்கலாம்.

வயல்வெளி, உங்கள் பணத்தில் என்ன செய்தாலும் பிள்ளைகள் தாங்களாகக் குழு சேர விடாதீர்கள். ஆசிரியர் பிரிக்கட்டும், அல்லது சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள்.

---

திண்ணைக்காரர் எழுதியது:

கபடியால் சாதி போய்விடும் என்றால் இந்நேரம் போயிருக்க வேண்டும். நம் ஊரில் கபடி இல்லாத காலம் எது? பல ஊர்களில் கபடிப் போட்டியில்தான் வெட்டுக்குத்தே தொடங்குகிறது.

---

கரிசல்காட்டான் எழுதியது:

தொடங்குகிறது, ஆமாம். தெருவுக்குத் தெரு அணி அமைத்து, பனியனில் தலைவர் படம் போட்டு விளையாடும் போட்டிகளில். நான் சொன்ன ஆசிரியர் மாற்றியதும் அதைத்தான்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

விவாதம் நன்றாகப் போகிறது. கட்சி அரசியல் பக்கம் திரும்பிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த ஆட்சியில் எந்தத் திட்டம் வந்தது என்ற சண்டைக்கு வேறு இழை உண்டு.

---

வல்லைவெளி எழுதியது:

நான் வடமராட்சி. யாழ்ப்பாணத்தில் அரச பாடசாலையில் படித்து, இப்போது அங்கேயே படிப்பிக்கிறேன். உங்களுடைய மகிழ் முற்றம் பற்றி வாசித்தபோது ஆர்வம் வந்தது, ஏனென்றால் எங்களுடைய பாடசாலை வாழ்க்கையே இல்லங்களை, உங்களுடைய சொல்லில் அணிகளை, சுற்றித்தான் நடக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி. ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு நிறம், பொறுப்பாசிரியர்கள், தலைவர், தலைவி. ஓட்டம், பாய்தல் மட்டுமில்லை. அணிநடைக்கும் புள்ளி உண்டு, இல்ல அலங்காரத்துக்கும் புள்ளி உண்டு. அலங்காரம் என்றால் பிள்ளைகள் இரவிரவாகக் கிடுகும் தென்னோலையும் கட்டி, கோட்டையோ கப்பலோ செய்து நிறுத்துவார்கள். ஓடத் தெரியாத பிள்ளைக்கும் அங்கே ஒரு வேலை இருக்கும். நான் ஓடவில்லை, பசை காய்ச்சினேன்.

ஆனால் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கி பிற்பகல் ஒன்றரைக்கு முடிந்துவிடும். பயிற்சிக்கு வெளிச்சமும் நேரமும் மிஞ்சும். நீங்கள் நாலரைக்கு விட்டால் இருட்டுத்தான் மிஞ்சும். அந்த வசதியையும் இப்போது தனியார் கல்வி நிலையங்கள் தின்றுகொண்டிருக்கின்றன. இரண்டு மணிக்கே பிள்ளை ரியூசனுக்கு ஓடிவிடுகிறது. உங்களுடைய பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு போன்ற சாதாரண தரப் பரீட்சை எழுதும் வகுப்பை மைதானத்தில் காண்பதே அரிது.

பழைய மாணவர் பணம் பற்றியும் ஒரு சொல். எங்களுடைய ஆட்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து தாராளமாக அனுப்புகிறார்கள். கட்டடம் வருகிறது, கல்வெட்டில் பெயர் வருகிறது. பந்தும் சப்பாத்தும் (உங்களுடைய ஷூ) வாங்கக் கேட்டால் கொஞ்சம் தயங்குகிறார்கள், ஏனென்றால் பந்தில் பெயர் பொறிக்க முடியாது. உங்களுடைய நண்பர்கள் கட்டடம் கேட்காமல் அனுப்பியிருக்கிறார்கள் என்றால் அவர்கள் நல்லவர்கள். அந்தப் பணத்தை மேடையில் எரிக்க வேண்டாம்.

---

முகாம் சமையல்காரன் எழுதியது:

கல்லூரி முதலாண்டு படிக்கிறேன். மேல்நிலையில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன். 1969இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம் என்று எங்கள் திட்ட அலுவலர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார், மறக்கவே மறக்காது.

காலாண்டு விடுமுறையில் ஏழு நாள் முகாம். பக்கத்துக் கிராமத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படுக்கை. பகலில் குளக்கரைச் சீமைக் கருவேலம் வெட்டுவது, தெருவில் குப்பை எடுப்பது, பனை விதை ஊன்றுவது. சாயங்காலம் ஊரார் முன் நாடகம். எனக்குச் சமையல் குழு. வீட்டில் தட்டைக்கூடக் கழுவாதவன், ஐம்பது பேருக்கு வெங்காயம் உரித்தேன். நான்காம் நாள் சாம்பாரில் உப்பு இல்லை என்று ஒருவன் கத்தினான். அப்போதுதான் என் அம்மாவிடம் நான் எப்படிக் கத்தியிருக்கிறேன் என்று நினைத்தேன். இதற்கெல்லாம் சான்றிதழில் இடம் கிடையாது.

எங்களுக்கு முந்தைய ஆண்டு மாணவர்கள் முகாமுக்கு வரவே பயந்தார்கள், பிளஸ் ஒன் பொதுத் தேர்வு இருந்ததால். 2017-18இல் வந்த தேர்வு அது. 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். இனிப் பதினொன்றாம் வகுப்புக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும் என்று நினைக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் இந்தத் திட்டம் இல்லை என்பதால், வயல்வெளி அண்ணா, பக்கத்து மேல்நிலைப் பள்ளி முகாமை உங்கள் ஊரில் போடச் சொல்லிக் கேட்கலாமே? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பகலில் சேர்ந்துகொள்ளட்டும்.

---

வயல்வெளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சாக்பீஸ்தூள் ஐயா கேட்ட விவரங்களைப் போய் விசாரித்தேன்.

கடைசி டவுன் பஸ் ஐந்து பத்துக்கு. சீருடையில் இருந்தாலே இலவசமாக ஏற்றிக்கொள்வார்கள், அதில் குறை இல்லை. அதை விட்டால் இரவு ஏழரைக்கு ஒன்று, அதுவும் வந்தால் உண்டு. பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் நான்கு குக்கிராமங்களிலிருந்து வருகிறார்கள். ஆகவே இப்போது மாலைப் பயிற்சியில் இருப்பவர்கள் எல்லாரும் பள்ளி இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் மட்டுமே. போன ஆண்டு ஆண்டு விழாப் புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன். மேடையில் இருந்த முகங்களில், அந்த நான்கில் மூன்று ஊர்ப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. இதை நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. கரிசல்காட்டான் சொன்ன தெருக் கணக்கும் இதற்குள் இருக்கிறது. அந்த மூன்றில் இரண்டு ஊர்கள் காலனி.

உடற்கல்வி ஆசிரியர் நிரந்தரம்தான், ஆர்வமும் உள்ளவர். ஆனால் அவருடைய பாட வேளையைப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் கடன் வாங்கிவிடுகின்றன, திருப்பிக் கொடுப்பதில்லை. சிறப்பு வகுப்பு அரையாண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறதாம்.

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

அப்படியானால் உங்கள் செலவு எது என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள், ஆறு மணிக்கு ஒரு வேன், நான்கு குக்கிராமங்களையும் சுற்றி வர. கூடவே ஒரு சுண்டல். வேறு எதுவும் வாங்காதீர்கள். பந்தும் கம்பும் இருப்பதை வைத்தே ஓர் ஆண்டு ஓட்டலாம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தில் தொடங்கி முதல் புகாரிலேயே மூடப்பட்டவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகள் இருக்கும் நாளில் ஓர் ஆசிரியை கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாத நாளில் பயிற்சி கிடையாது, எவ்வளவு பெரிய போட்டி வந்தாலும் சரி. வேனில் கடைசி நிறுத்தம் வரை ஒரு பெரியவர் போக வேண்டும்; மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் முறை வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து பயிற்சியாளரோ பேச்சாளரோ வந்தால் யார், எவர் என்று விசாரித்து, தலைமையாசிரியை எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் உள்ளே விட வேண்டும். 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் தன்னம்பிக்கை பேச வந்தவர் முற்பிறவிப் பாவம் பற்றிப் பேசி, அதைக் கேள்வி கேட்ட பார்வையற்ற ஆசிரியரை அவமதித்த சம்பவம் நினைவிருக்கும். அதில் மாற்றப்பட்டவர்கள் தலைமையாசிரியர்கள்தான்.

பத்தாம் வகுப்பை முழுக்க விலக்கவும் வேண்டாம், முழுக்க இழுக்கவும் வேண்டாம். அரையாண்டு வரை வரட்டும்.

---

அரைநாள் ஓவியர் எழுதியது:

வேனுக்கு ஆதரவு. ஆனால் ஆண்டு விழாவை எல்லாரும் சேர்ந்து மிதிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அரசுப் பள்ளிக்குள் பெற்றோர் எப்போது வருகிறார்கள்? பிள்ளையைச் சேர்க்க, மாற்றுச் சான்றிதழ் வாங்க, பிள்ளை தப்புச் செய்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க. நிமிர்ந்து உள்ளே வரும் ஒரே நாள் அதுதான். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கல்விச் சீர் என்று ஒரு வழக்கம் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? தாம்பூலத் தட்டு, மேளதாளத்தோடு ஊரே ஊர்வலமாகப் பீரோ, நாற்காலி, மின்விசிறி, தண்ணீர்க் குடம் என்று தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வரும். தாய்மாமன் வீட்டுச் சீர் எப்படி வருமோ அப்படி. தலைமையாசிரியர் வாசலில் நின்று சந்தனம் கொடுத்து அழைப்பார். ஐம்பது ரூபாய் பிளாஸ்டிக் குடம் கொடுத்த கிழவியும் பீரோ கொடுத்தவரும் ஒரே வரிசையில்தான் வருவார்கள். இதற்கு மேடை அலங்காரம் தேவையில்லை, இசைக் குழுவும் தேவையில்லை. ஆண்டு விழாவை இப்படி நடத்துங்கள். வெளியூர்ப் பாடகர் வந்து சினிமாப் பாட்டுப் பாட, நம் பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கைதட்டுவதைத்தான் நான் வெறுக்கிறேன்.

---

திண்ணைக்காரர் எழுதியது:

கல்விச் சீர் நல்ல வழக்கம், ஒப்புக்கொள்கிறேன். வேனும் சரி. ஒரு திருத்தம்: அதே வேனில் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புப் பிள்ளைகளையும் ஏற்றுங்கள். அவர்களும் ஐந்து பத்துப் பஸ்ஸுக்காகப் பாதியில் எழுந்து ஓடுகிறவர்கள்தானே.

---

நொய்யல்மகள் எழுதியது:

திண்ணைக்கார அண்ணன் சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

சுண்டல் பற்றி ஒரு வார்த்தை: கடையில் வாங்காதீர்கள். மகளிர் சுய உதவிக் குழுவிடம் சொன்னால் பாதிச் செலவில் முடியும். வாரம் ஒரு நாள் வேர்க்கடலை வைத்துவிட்டால் அவித்துக் கொட்டும் வேலையும் மிச்சம்.

---

வயல்வெளி எழுதியது:

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம் முடிந்தது. முடிவு: செவ்வாய், வியாழன் மாலை வேன். சிறப்பு வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதிலேயே இடம். செவ்வாய் விளையாட்டு, வியாழன் கலைத் திருவிழாப் பயிற்சி. அன்று தமிழாசிரியை இருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். குழுக்களை மகிழ் முற்ற அணிகளின்படியே பிரிப்பது, ஏனென்றால் அது ஏற்கெனவே குலுக்கல் முறையில் பிரித்தது. ஆண்டு விழா அரசுத் தொகையில். கல்விச் சீர் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் பேசப் போகிறோம். இசைக் குழு கேட்ட துபாய் நண்பர்கள் இருவர் கோபித்துக்கொண்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்கள். அவர்களுடைய பங்கைத் திருப்பி அனுப்பலாம் என்று நினைக்கிறேன்.

வேன் உரிமையாளர் மாதம் முடிந்ததும் மொத்தமாகப் பணம் கேட்கிறார். என் கணக்கிலிருந்தே அனுப்பிவிடலாமா?

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

கூடவே கூடாது. தொகை முழுவதையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கில் செலுத்திவிடுங்கள். அது தலைவரும் தலைமையாசிரியையும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய கூட்டுக் கணக்கு. வேன் வாடகையைக் காசோலையாகக் கொடுத்து, ரசீதைத் தீர்மானப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள். வண்டியின் தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் மூன்றின் நகலையும் முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்புவதைப் பற்றி அவசரப்படாதீர்கள். கோபம் ஆறினால் அவர்களே வருவார்கள்.

சுண்டல் கணக்கைத் தனி நோட்டில் எழுதுங்கள். தணிக்கையில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.